மலையேறாத ஏடுகள்

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். காரவள்ளியைத் தாண்டிய பேருந்து அத்தனையையும் மூச்சிரைக்க ஏறிவிடுகிறது. அரிசி மூட்டை ஏறுகிறது. அரப்பளீசுவரரைக் காணவரும் கூட்டம் ஏறுகிறது. வல்வில் ஓரி விழாவென்றால் பெரிய மனிதர்களின் வண்டிகள் வரிசை வரிசையாய் ஏறுகின்றன. ஏற மறுப்பது ஒன்றே ஒன்று — ஏடு!

நாம் ஆசிரியப் பணியாற்றும் மலைப்பகுதியில் ஒரு நூலகம் உண்டு. மேசை உண்டு, நாற்காலி உண்டு, வரவழைக்கப்படும் இதழ்களின் பெயர்ப்பட்டியலும் சுவரில் உண்டு. பட்டியலைப் படிக்கலாம், இதழ்களைத்தான் படிக்க இயலாது! சென்ற கிழமை, நம்மிடம் பயின்ற இளைஞர் ஒருவர், சோளக்காட்டுச் சந்தையில் மிளகை இறக்கிவிட்டு, வேலைவாய்ப்பு ஏட்டைத் தேடி அங்கு வந்தார். ஏடு இருந்தது. விளம்பரமும் இருந்தது. விண்ணப்பிக்க வேண்டிய கடைசி நாள் கடந்து ஒன்பது நாட்களாகியிருந்தன. “தேதி முடிஞ்சு போச்சுங்களே, சார்” என்றார். அந்தக் குரலில் கோபமில்லை. ஏமாந்து ஏமாந்து பழகிய குரல் அது. அந்தப் பழக்கம்தான் நம் நெஞ்சைச் சுட்டது.

ஒன்றிய அரசின் வேலைவாய்ப்பு வார ஏடு 1976 முதல் வருகிறது. ஆங்கிலத்தில் உண்டு, இந்தியில் உண்டு, உருதுவில் உண்டு, தமிழில் இல்லை. மொழியால் எட்டாததை நாளாலும் எட்டாமற் செய்தால், மலைமகன் எதைப் பற்றிக்கொண்டு முன்னேறுவது?

ஏன் இந்தத் தாமதம் என்று வினவினோம். “இந்த முகவர்தான் அதிகத் தள்ளுபடி தந்தார், அதனால் சந்தாப் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்தோம்” என்றார்கள். தள்ளுபடி! கொல்லிமலைக்கு ஒரு பாவையின் கதை உண்டு. காண்போரைப் புன்னகையால் மயக்கி, அருகில் வந்ததும் உயிரைக் குடிக்குமாம். பகுத்தறிவாளர் அந்தப் பாவையை நம்புவதில்லை. ஆனால், விலைப்பட்டியலில் புன்னகைக்கும் தள்ளுபடிப் பாவையை மட்டும் நம்பி மயங்குகிறோமே, இது எந்தப் பகுத்தறிவு?

தள்ளுபடி எங்கிருந்து வருகிறது? முகவர் தம் வீட்டுக் களஞ்சியத்திலிருந்து அள்ளித் தருவதில்லை. இதழ் நிறுவனம் தரும் கழிவிலிருந்துதான் தருகிறார். பெருநிறுவனத்தின் வண்ண ஏட்டுக்குக் கழிவு அதிகம். கடன்பட்டு நடத்தப்படும் சிற்றிதழுக்கோ கழிவு குறைவு, சில வேளை இல்லவே இல்லை. ஆகவே கழிவு தரும் ஏடு கட்டில் ஏறுகிறது; கருத்துத் தரும் ஏடு பட்டியலிலேயே படுத்துறங்குகிறது. கேட்ட அறிவியல் இதழ் கிடைக்கவில்லையாம், அதற்கு ஈடாக இராசிபலன் இதழாம்! படிப்பவன் சிந்தனையை அளந்து கொடுக்கும் அதிகாரத்தை இந்த வணிகருக்கு வழங்கியவர் யார்?

பணம் யாருடையது? 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் நூலக வரியை ஏற்படுத்தியது. இன்று வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 காசு அந்தக் கணக்கில் சேர்கிறது. ஓட்டு வீட்டுக்காரரும் கட்டுகிறார். ஒட்டுத் திண்ணைக்காரரும் கட்டுகிறார். கொடுத்தவன் கேட்பது பிச்சையல்ல, உரிமை!

முன்பணத்தை மொத்தமாகக் கட்டிவிட்டுக் கைகட்டி நிற்பதன் விளைவை உலகமே கண்டிருக்கிறது. அமெரிக்காவில் ரோகாம் என்ற சந்தா நிறுவனம் 2003இல் நொடித்தது; நூலகங்கள் கட்டிய பணம் இதழ்களைச் சென்றடையவில்லை. 1901இல் ஆம்ஸ்டர்டாமில் தோன்றி, நூறாண்டு கடந்து நின்ற ஸ்வெட்ஸ் நிறுவனம் 2014இல் திவாலாயிற்று. பெரும் பல்கலைக்கழகங்களே கையைப் பிசைந்தன. அவை தாங்கிக்கொண்டன. மலையூர் நூலகம் தாங்குமா?

வழி இல்லாமலில்லை. சீர்காழியில் பிறந்த இரங்கநாதன், 1931இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் ஒன்றைப் படிப்பவரின் நேரத்தைக் காப்பதற்கென்றே ஒதுக்கினார். இதழ்களுக்கென மூன்று அட்டைகள் கொண்ட முறையையும் வகுத்தார். அதில் ஓர் அட்டை, எந்த இதழ் எந்த வாரம் வரவேண்டும் என்று காட்டும். வாராத இதழ் அந்த வாரமே அகப்பட்டுவிடும். அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு முகவரைத் தேர்ந்தெடுங்கள் என்கிறோம்.

பட்டியலை வாசகர் வகுக்கட்டும், முகவர் மாற்றக்கூடாது. கட்டு நாமக்கல்லில் அல்ல, மலைமேல் நூலக வாயிலில் இறங்க வேண்டும். சந்தா செலுத்தியதற்கு இதழ் நிறுவனத்தின் பற்றுச்சீட்டு வேண்டும். வாராத இதழுக்கு மறுபடி, நின்றுபோன இதழுக்குப் பணம் திரும்ப வேண்டும். தொகை தவணையாகவே தரப்படும். சிற்றிதழ்களுக்கு நேரடிச் சந்தா. ஏற்கெனவே அவரிடம் வாங்கும் இரண்டு நூலகங்களைக் கேட்டறிந்த பிறகே கையெழுத்து!

“குறைந்த விலையை விட்டால் தணிக்கை கேட்குமே” என்பார்கள். கேட்கட்டும். நிபந்தனையை முதலில் எழுதுங்கள். அதை நிறைவேற்றுவோருள் குறைந்த விலையைத் தேடுங்கள். வராத ஏட்டுக்குக் கொடுத்த ஒரு ரூபாய், வந்த ஏட்டுக்குக் கொடுத்த பத்து ரூபாயினும் அதிக விலை அல்லவா?

“மலைவாசிக்கு இத்தனை ஏடு எதற்கு?” என்று முணுமுணுப்போரும் உண்டு. மிளகும் காபியும் பலாவும் கீழே இறங்கும்போது இந்தக் கேள்வி எழுவதில்லையே! 1925இல் ‘குடி அரசு’ தோன்றிய நாளிலிருந்து, ஒருவர் படிக்கப் பலர் கேட்டு வளர்ந்த இயக்கம் இது. முடிதிருத்தும் நிலையமும் தேநீர்க் கடையும் பள்ளிக்கூடங்களாயின. காரணம், ஏடு வந்தது, காலத்தில் வந்தது.

தோழர்களே! நாளை உங்கள் ஊர் நூலகத்துக்குச் செல்லுங்கள். இதழ் வருகைப் பதிவேட்டைக் காட்டுமாறு பணிவோடு கேளுங்கள். வாராத இதழ்களை எண்ணுங்கள். எண்ணியதை எழுதிக் கையெழுத்திட்டு மாவட்ட நூலக அலுவலருக்கு அனுப்புங்கள். அடுத்த சந்தா ஆண்டு தொடங்குமுன் அனுப்புங்கள். தேதி முடிந்த பிறகு வருந்தும் பழக்கம், அந்த இளைஞரோடு முடியட்டும்.