மலையுச்சிக்கு ஓர் ஒற்றையடிப் பாதை



லாவோஸ் நாட்டின் வடபகுதியில், லுவாங் பிரபாங் நகருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவில், நோங் கியாவ் என்றொரு சிற்றூர் உண்டு. சுண்ணாம்புப் பாறை மலைகள் இருமருங்கும் செங்குத்தாய் எழுந்து நிற்க, இடையே 'நாம் ஊ' என்னும் ஆறு அமைதியாக ஓடுகிறது. லாவோ மொழியில் 'நாம்' எனின் நீர் என்றும் ஆறு என்றும் பொருள். இப்பத்தியில் வரிக்கு வரி 'நாம்' என்று எழுதிப் பழகிய நமக்கு, அச்சொல் அங்கே தண்ணீராய் ஓடக் கண்டு நகைப்பே வந்தது.

ஊரில் ஒரு பாலம், இருகரையிலும் வீடுகள், மூங்கில் கூடையில் பரிமாறப்படும் பசையரிசிச் சோறு, அவ்வளவுதான். வெளியூரார் பலரும் மலையேறவே வருகின்றனர். 'உறங்கும் மங்கை' என்றொரு மலைமுகடு உண்டு. 'பா தேங்' என்னும் சிகரம் மற்றொன்று. நாம் ஏறியது பின்னதில்.

விடியுமுன் கைவிளக்குடன் புறப்பட்டோம். வேர்களும் சேறும் மூங்கிற் புதர்களும் நிறைந்த ஏற்றம். ஒன்றரை மணி நேரத்தில் மூச்சு முட்டிவிட்டது. உச்சியை அடைந்தபோது கீழே ஊருமில்லை, ஆறுமில்லை. பள்ளத்தாக்கு முழுவதும் பால் நிரப்பியதுபோல் பனிமூட்டம். அதனிடையே குன்றுகளின் தலைகள் மட்டும் தீவுகளாய்த் தெரிந்தன. கதிரவன் ஏற ஏற மூட்டம் ஓரிடத்தில் கிழிந்தது. அவ்விடைவெளியில் ஆறு ஒரு நூலிழைபோல் தென்பட்டது. அங்கிருந்தோர் எவரும் பேசவில்லை.

ஆயினும் நம் நெஞ்சில் நின்றது உச்சியன்று, வழியே. பாதையை விட்டு விலகாதீர், வெடிக்காத குண்டுகள் உள்ளன என்னும் எச்சரிக்கைப் பலகை அங்கு உண்டு. நம்முடன் வந்த இளைஞர் ஒருவர் படமெடுக்கும் ஆவலில் புதருக்குள் ஓரடி வைத்தார். விறகுச் சுமையுடன் இறங்கி வந்த மூதாட்டி, சுமையையும் இறக்காமல், அவர் சட்டையைப் பற்றி இழுத்தார். மொழி புரியவில்லை, பொருள் புரிந்தது.

1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் இந்நாட்டின்மீது 20 இலட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குண்டுகளை வீசின. கொத்துக்குண்டுகளினின்று சிதறிய சிறு குண்டுகள் மட்டும் ஏறத்தாழ 27 கோடி. அவற்றுள் பத்தில் மூன்று பங்குவரை வெடிக்காமல் மண்ணில் புதைந்தன என்பது கணிப்பு. ஆரஞ்சுப் பழமளவு உருண்டைகள். பந்தென்றெண்ணிக் குழந்தைகள் எடுக்கின்றனர், மண்வெட்டியால் உழவர் தட்டிவிடுகின்றனர். போர் ஓய்ந்த பின்னரே 20,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர் அல்லது ஊனமுற்றனர். கொத்துக்குண்டுகளைத் தடைசெய்யும் உடன்படிக்கை 2010-இல் நடைமுறைக்கு வந்தது. நம் பாரதம் அதில் இன்னும் சேரவில்லை என்பதையும் இங்கே மறைப்பதற்கில்லை.

ஊருக்குச் சற்று அப்பால் 'பா தோக்' என்னும் குகை இருக்கிறது. குண்டு வீச்சின்போது மக்கள் அதற்குள்ளேதான் வாழ்ந்தனர். உள்ளே நின்று வெளியே நோக்கினோம். அதே மலைகள், அதே வானம். அவர்களுக்கு அவ்வானம் எவ்வாறு தோன்றியிருக்கும்!

ஆற்றையும் காலம் விட்டுவைக்கவில்லை. முன்பு லுவாங் பிரபாங்கிலிருந்து படகிலேயே இவ்வூருக்கு வரலாம். சீன நிறுவனம் ஒன்று இவ்வாற்றின் குறுக்கே ஏழு அணைகளைக் கட்டியது. 2021-இல் அப்பணி முடிவுற்றது. மின்னாற்றல் கிடைத்தது, அந்நெடும் படகுவழி அடைபட்டது. இப்போது சாலையே கதி.

போக எண்ணுவோர் நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் செல்க. பனிக்கடல் அப்போதுதான் வாய்க்கும். செருப்பு உதவாது, பிடிப்புள்ள காலணி வேண்டும். தண்ணீரும் கைவிளக்கும் மறவற்க. குழந்தைகளை அழைத்துச் செல்வோர், பாதை எவ்வளவு அகலமாய்த் தோன்றினும், அவர்தம் கையை விடாதிருக்க வேண்டுகிறோம்.