மக்கு என்று பேர் வைத்தது யார்?

எங்கள் காலனி இரவுப் பாடசாலைக்கு ஒரு பையன் வருகிறான். ஏழாம் வகுப்பு வரைக்கும் தள்ளிவிட்டிருக்கிறார்கள். 'கொடி' என்று எழுதிக் காட்டினால் 'கெ... கா...' என்று திணறுவான். கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் எழுத்து. மூன்றையும் ஒரே ஒலியாகச் சேர்க்க அவனுக்கு வரவில்லை. ஆனால் அவன் அம்மாவோடு சித்தாள் வேலைக்குப் போகும் பதினோரு பேரின் வாரக்கூலி, யாருக்கு அரைநாள், யார் முன்பணம் வாங்கியது, எல்லாம் வாயாலேயே சொல்லுவான். தப்பாது.

பள்ளிக்கூடத்தில் போய்க் கேட்டேன். "அதுங்களுக்கெல்லாம் எங்க சார் படிப்பு ஏறும்?" என்றார் வாத்தியார். அவனுக்கு என்று சொல்லவில்லை, கவனியுங்கள். அதுங்களுக்கு.

இதே சிக்கல் வசதியான வீட்டுப் பிள்ளைக்கு வந்தால் பேர் டிஸ்லெக்சியா. எழுத்தையும் ஒலியையும் கோர்ப்பதில்தான் கோளாறு, அறிவில் இல்லை என்று அந்த அப்பா அம்மாவுக்குப் பொறுமையாக விளக்குவார்கள். சென்னையில் 1991லேயே இதற்கென்று சங்கம் வந்துவிட்டது. நல்ல காரியம்தான். 1995 சட்டத்தில் இல்லாத கற்றல் குறைபாடு 2016 ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்தில் இடம் பெற்றது. சான்றிதழ் இருந்தால் தேர்வில் கூடுதல் நேரம் உண்டு, சொல்லச் சொல்ல எழுத ஆள் உண்டு. அந்தச் சான்றிதழுக்காக அவன் அம்மாவும் நானும் மூன்று தடவை ஆஸ்பத்திரிக்கு அலைந்தோம். "டாக்டர் லீவு, அடுத்த வாரம் வாங்க." அந்தம்மாவுக்கு மூன்று நாள் கூலி போனது.

தோழர்களே, வாத்தியாரை மட்டும் திட்டிவிட்டு நான் தப்பிக்க முடியாது. "உருப்படமாட்டே" என்று போன ஆடியில் இந்தப் பையனை நானே அடித்திருக்கிறேன். விஷயம் புரிந்தது அதற்கப்புறம்தான்.

இப்போது தாம்பாளத்தில் மணலைப் பரப்பி, ஒலியை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே விரலால் எழுத வைக்கிறோம். நாளைக்கு ஒரு எழுத்து, அவ்வளவுதான். கண், காது, விரல் மூன்றும் சேர்ந்தால் எழுத்து மனசில் நிற்கும் என்கிறார்கள் இதில் பயிற்சி எடுத்தவர்கள். அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்திலும் மணலில்தான் எழுதினார்கள். அந்தத் திண்ணையில் எங்கள் தாத்தனை ஏறவிடவில்லை என்பது வேறு கதை. வேறு கதையா என்ன?

'கொ' வந்துவிட்டது. இரட்டைக் கொம்பு வந்தால் இன்னமும் தடுமாறுகிறான். திங்கட்கிழமை மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். இந்தத் தடவை காலனியிலிருந்து இருபது பேர் வருகிறோம்.