சர்ச் சுவரில் 700 ஆண்டுகளாக ஒரு அவமானம்: மார்ட்டின் லூதரும் யூத வெறுப்பும், ஏன் இன்னும் பேசப்படுகிறது?

ஜெர்மனியின் விட்டன்பெர்க் நகரில் உள்ள செயின்ட் மேரி தேவாலயம், புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவத்தின் தாய்வீடு. மார்ட்டின் லூதர் பிரசங்கம் செய்த இடம். யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமும்கூட. அதே தேவாலயத்தின் வெளிச்சுவரில், தரையிலிருந்து சில மீட்டர் உயரத்தில் ஒரு சிற்பம் இருக்கிறது. பன்றியிடம் யூதர்கள் பால் குடிப்பது போலவும், ஒரு ரபி அந்தப் பன்றியின் வாலைத் தூக்கிப் பார்ப்பது போலவும் 13-ம் நூற்றாண்டில் செதுக்கப்பட்டது. பன்றி, யூத மதத்தில் விலக்கப்பட்ட விலங்கு. ஒரு சமூகத்தை அவமானப்படுத்தவே செதுக்கியது என்பதைப் புரிந்துகொள்ள வேறு விளக்கம் தேவையில்லை.

இதை அகற்றக் கோரி யூதர் ஒருவர் வழக்குத் தொடர்ந்தார். கீழ் நீதிமன்றங்கள் மறுத்தன. 2022 ஜூன் 14-ல் ஜெர்மனியின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமும் மறுத்துவிட்டது. "அப்படியானால் சிற்பத்தில் தப்பில்லை என்கிறதா நீதிமன்றம்?" என்று கேட்கலாம். அதுதான் இல்லை. தனியாகப் பார்த்தால் அது கல்லில் செதுக்கிய யூத வெறுப்பு என்பதை நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. ஆனால், 1988-ல் சிற்பத்துக்குக் கீழே தேவாலயம் ஒரு நினைவுத் தகடு பதித்தது. பக்கத்தில் விளக்கப் பலகையும் இருக்கிறது. அதனால் அவமானச் சின்னம் எச்சரிக்கைச் சின்னமாக மாறிவிட்டது என்பது தீர்ப்பின் சாரம்.

லூதருக்கும் இந்தச் சிற்பத்துக்கும் என்ன தொடர்பு?

சிற்பத்தை லூதர் வைக்கவில்லை. அவர் பிறப்பதற்கு சுமார் 200 ஆண்டுகளுக்கு முன்பே அது அங்கே இருந்தது. ஆனால், 1543-ல் எழுதிய ஒரு நூலில் இந்தச் சிற்பத்தைக் குறிப்பிட்டு, யூதர்களின் புனிதக் கல்வியைக் கேலி செய்தார். அவர் இறந்த பிறகு, 1570-ல் அந்த நூலின் தலைப்பிலிருந்தே வார்த்தைகளை எடுத்து சிற்பத்துக்கு மேலே பொறித்தார்கள். கடவுளின் பெயராக யூதர்கள் புனிதமாகக் கருதுவதைக் குறிக்கும் சொற்கள் அவை. அதாவது, பழைய அவமானத்துக்குப் புதிய மதச்சீர்திருத்தம் தன் முத்திரையையும் குத்தியது.

ஆரம்பத்திலேயே அவர் இப்படித்தானா?

இல்லை. 1523-ல் அவர் எழுதிய நூலின் தலைப்பே, இயேசு பிறப்பால் யூதர் என்பதுதான். யூதர்களை நாயைப் போல நடத்தினால் அவர்கள் எப்படி நம்மிடம் வருவார்கள், வேலை செய்ய விடுங்கள், சேர்ந்து வாழ விடுங்கள் என்று அதில் வாதாடினார். அந்தக் காலத்துக்கு ரொம்பவே துணிச்சலான பேச்சு.

ஆனால், அந்த அன்புக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருந்தது: 'நன்றாக நடத்தினால் மதம் மாறுவார்கள்.' அவர்கள் மாறவில்லை. 1536-ல் சாக்சனி ஆட்சியாளர் யூதர்களுக்குத் தடை விதித்தபோது, யூதர்களின் பிரதிநிதியான யோசல் என்பவர் 1537-ல் லூதரின் உதவியை நாடினார். லூதர் கைவிரித்தார்.

1543-ல் 'யூதர்களும் அவர்களின் பொய்களும்' என்ற நூல் வந்தது. அதில் ஆட்சியாளர்களுக்கு அவர் கொடுத்த ஆலோசனைகள் இவை:

- ஜெப ஆலயங்களையும் பள்ளிகளையும் கொளுத்துங்கள்
- வீடுகளை இடியுங்கள்
- பிரார்த்தனை நூல்களையும் தல்மூதையும் பறியுங்கள்
- ரபிகள் போதிக்கத் தடை போடுங்கள்
- சாலையில் பாதுகாப்பாகப் பயணிக்கும் உரிமையை ரத்து செய்யுங்கள்
- வட்டித் தொழிலைத் தடுத்து, பணம், தங்கம், வெள்ளியைப் பறிமுதல் செய்யுங்கள்
- இளைஞர்களைக் கைவேலையில் ஈடுபடுத்துங்கள்

'அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான்' என்பது சரியா?

பாதி சரி. இங்கிலாந்து 1290-லும், ஸ்பெயின் 1492-லும் யூதர்களை வெளியேற்றின. இரண்டும் அப்போது கத்தோலிக்க நாடுகள். யூத வெறுப்பை லூதர் கண்டுபிடிக்கவில்லை. சீர்திருத்தவாதிகளில் மார்ட்டின் பூசரும் யூதர்கள் மீது கடும் கட்டுப்பாடுகளைக் கேட்டவர்தான்.

ஆனால், அதே முகாமில் வேறு குரல்களும் இருந்தன. யூதர்கள் கிறிஸ்தவக் குழந்தைகளைக் கொன்று ரத்தம் எடுக்கிறார்கள் என்ற வதந்தியை, நியூரம்பெர்க்கின் சீர்திருத்தவாதி ஆண்ட்ரியாஸ் ஓசியாண்டர் ஆதாரங்களோடு மறுத்து எழுதினார். சூரிச்சின் ஹைன்ரிக் புல்லிங்கர், லூதரின் மொழியே அருவருப்பானது என்று கண்டித்தார். வேறு மாதிரி யோசிக்க அன்றைக்கும் வழி இருந்தது. அதனால் காலத்தின் மேல் மட்டும் பழி போட முடியாது.

லூதரிலிருந்து ஹிட்லர் வரை நேர்க்கோடு போடலாமா?

இதில்தான் வரலாற்றாசிரியர்கள் இன்னும் மோதுகிறார்கள். லூதரின் வெறுப்பு மதம் சார்ந்தது, மாறினால் ஏற்றுக்கொள்வார். நாஜிகளின் வெறுப்பு இனம் சார்ந்தது, ஞானஸ்நானம் பெற்ற யூதரையும் அது விடவில்லை. இடையில் 400 ஆண்டுகள் இருக்கின்றன. எனவே நேர்க்கோடு கிடையாது என்பது ஒரு தரப்பு.

ஆனால், கையில் எடுக்கத் தயாரான ஆயுதமாக அந்த நூல் கிடந்தது என்பதை மறுக்க முடியாது. 1938 நவம்பர் 9 இரவு தொடங்கி ஜெர்மனி முழுக்க ஜெப ஆலயங்கள் எரிந்தன. நவம்பர் 10, லூதரின் பிறந்தநாள். துரிங்கியா பிஷப் மார்ட்டின் சாஸ்ஸே, இந்தப் பொருத்தத்தை மகிழ்ச்சியோடு சுட்டிக்காட்டி, லூதரின் வரிகளைத் தொகுத்து ஒரு பிரசுரமே வெளியிட்டார். 1946-ல் நியூரம்பெர்க் விசாரணையில், நாஜி பத்திரிகையாளர் யூலியஸ் ஸ்ட்ரைஷர், இன்று லூதர் இருந்திருந்தால் அவரும் இந்தக் கூண்டில் நின்றிருப்பார் என்ற தொனியில் வாதாடினார். அந்த வாதம் அவரைத் தூக்கிலிருந்து காப்பாற்றவில்லை.

இதற்கு நேர் எதிராக டென்மார்க்கைப் பாருங்கள். 1706-ல் தரங்கம்பாடி வந்துசேர்ந்த சீகன்பால்கை அனுப்பிவைத்த அதே லூத்தரன் நாடு. 1943 அக்டோபரில், யூதர்கள் மீதான வேட்டையைக் கண்டித்து பிஷப்புகள் எழுதிய கடிதம் அங்கே தேவாலயங்களில் வாசிக்கப்பட்டது. 7,000-க்கும் மேற்பட்ட யூதர்களைப் படகுகளில் ஸ்வீடனுக்குத் தப்பவைத்தார்கள் டென்மார்க் மக்கள். இரு நாட்டுத் திருச்சபைகளுக்கும் ஆசான் ஒருவர்தான். அவரிடமிருந்து எதை எடுத்துக்கொள்வது என்பதில்தான் வித்தியாசம்.

திருச்சபைகள் மன்னிப்புக் கேட்டனவா?

கேட்டன, ரொம்பத் தாமதமாக. அமெரிக்காவின் பெரிய லூத்தரன் திருச்சபை 1994-ல் லூதரின் யூத விரோத எழுத்துகளைப் பகிரங்கமாக நிராகரித்தது. சீர்திருத்தத்தின் 500-வது ஆண்டுக்கு முன்னதாக, 2015-ல் ஜெர்மன் புராட்டஸ்டன்ட் திருச்சபையும் அதைச் செய்தது.

இப்போது சிற்பம் எங்கே?

அதே சுவரில்தான். தீர்ப்புக்குப் பிறகு, அதை இறக்கி அருகிலேயே வேறு இடத்தில் வைக்கலாம் என்று நிபுணர் குழு பரிந்துரைத்தது. 2022 அக்டோபரில் தேவாலய நிர்வாகம், சிற்பம் அங்கேயே இருக்கட்டும், விளக்கத்தை மாற்றுவோம் என்று முடிவெடுத்தது.

அகற்றினால் குற்றத்தின் தடயமும் போய்விடும் என்கிறது ஒரு தரப்பு. அந்தத் தெருவில் நடக்கும் யூதருக்கு, கீழே இருக்கும் பலகையைப் படித்த பிறகும் மேலே தெரிவது அதே பன்றிதானே என்கிறது இன்னொரு தரப்பு. நீதிமன்றம் சட்டத்துக்குப் பதில் சொல்லிவிட்டது. இந்தக் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.