மலைப்பாதையில் புளூகிராஸ்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், தென்மேற்கு மூலையில் உள்ள அப்பலாச்சிய மலை ஊர்களைத் தொட்டுக்கொண்டு ‘குரூக்கட் ரோடு’ என்ற இசைப்பாதை சுமார் 330 மைல் வளைந்து வளைந்து செல்கிறது. புளூகிராஸ் இசையை முதன்முதலாகக் கேட்கக் கிளம்புகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வழி கிடையாது. நாலைந்து நண்பர்கள் ஒரே காரில் போனால் இன்னும் நல்லது. கூடி உட்கார்ந்து வாசிக்கிற, கூடி நின்று கேட்கிற இசை இது.

முதல் தடவை கேட்பவர்கள், பல தலைமுறைகளாக வந்த நாட்டுப்புற இசை என்றே இதை எடுத்துக்கொள்வார்கள். உண்மையில் புளூகிராஸுக்கு வயது எண்பது சொச்சம்தான். அதை உருவாக்கியவரின் பெயரும் தெரியும். கென்டக்கி மாநிலத்தின் ரோசீன் என்ற சிற்றூரில் 1911-இல் பிறந்த பில் மன்றோ, 1939-இல் தம்முடைய ‘புளூ கிராஸ் பாய்ஸ்’ குழுவுடன் நாஷ்வில் வானொலியின் ‘கிராண்ட் ஓல் ஓப்ரி’ நிகழ்ச்சியில் சேர்ந்தார். குழுவின் பெயரே பிற்பாடு இசைக்கும் பெயராக நின்றுவிட்டது.

ஆனால் அதில் கலந்தவை பழையவை. ஸ்காட்லாந்து, அயர்லாந்துக் குடியேறிகளின் வயலின் மெட்டுகள், தேவாலயப் பாடல்கள், கறுப்பின மக்களின் புளூஸ் எல்லாம் அதில் உண்டு. மன்றோ சிறுவயதில் வயலின் கலைஞரான தாய்மாமன் பென்டில்டன் வாண்டிவரின் நிழலில் வளர்ந்தார். ஆர்னல்ட் ஷுல்ட்ஸ் என்ற கறுப்பினக் கிதார் கலைஞருடன் சேர்ந்து நடன விருந்துகளில் வாசித்தார். இந்த இசையில் ஒலிக்கும் பாஞ்சோவோ, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்துவரப்பட்டவர்களின் கருவி. வெள்ளையரின் மலைநாட்டு இசை என்று இதை ஒரே வரியில் முடிப்பது பெரிய கடனை மறைப்பதாகும்.

1945 டிசம்பரில் வட கரோலினாவைச் சேர்ந்த பாஞ்சோ கலைஞர் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் மன்றோவின் குழுவில் சேர்ந்தபோதுதான் இந்த இசை இன்றைய வடிவத்தை எட்டியது. அப்போது அவருக்கு 21 வயது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றிலும் வளையம்போல மீட்டுமுனைகளை மாட்டிக்கொண்டு, ஐந்து தந்திகளிலும் மாறி மாறி ஓயாமல் மீட்டினார். ஸ்வரங்கள் மழையாகக் கொட்டும். அதற்குள்ளேயே மெட்டின் ஸ்வரங்கள் மட்டும் அழுத்தமாக எழுந்து நிற்கும். இந்த நுணுக்கத்தைப் பாஞ்சோ வாசிப்பவரின் அருகில் நின்று வலக்கையைக் கவனித்தால்தான் பிடிக்க முடியும். ஒலிப்பதிவில் பாதி நழுவிவிடும்.

புளூகிராஸின் மரபான அமைப்பில் டிரம் இல்லை. டபுள் பேஸ் தாளத்தின் தட்டில் விழும். மாண்டலின் அதற்கு எதிர்த்தட்டில் ‘டக்’ என்று வெட்டும். நான்கு ஜோடித் தந்திகளையும் ஒரே வீச்சில் அடித்து, அடுத்த கணமே இடக்கை விரல்களின் அழுத்தத்தைத் தளர்த்தி ஒலியை அடக்கிவிடுவதால் வரும் வெட்டு அது. மொத்தப் பாட்டின் வேகமும் அதன்மேல்தான் நிற்கிறது.

குரூக்கட் ரோடு பாதையில் உள்ள ஃபிளாய்ட் என்ற சிற்றூரின் பலசரக்குக் கடையில் வெள்ளிக்கிழமை இரவுதோறும் கச்சேரி உண்டு. லாடம் பதித்த காலணிகளோடு உள்ளூர்ப் பெரியவர்கள் பலகைத் தரையில் ஆடுவார்கள். கோடைக்காலத்தில் வெளியே நடைபாதையிலும் வாசிப்பவர்களின் சின்னச் சின்ன வட்டங்கள் சேரும். வட்டத்தைப் பார்த்தே இசை வகையைச் சொல்லிவிடலாம். எல்லாரும் ஒரே மெட்டை ஒன்றாக வாசித்துக்கொண்டே போனால் அது ‘ஓல்டு டைம்’ என்ற மூத்த மரபு. ஒவ்வொருவராக முன்வந்து தனி வாசித்துவிட்டு அடுத்தவரிடம் விட்டால் அது புளூகிராஸ். பாடுபவர் சுருதியைச் சொல்லித் தொடங்குவார். ஒருவர் தனி வாசிக்கும்போது மற்றவர்கள் ஒலியைத் தணித்துக்கொள்வார்கள். முறை வரும்போது வாசிக்கத் தயங்குபவர் தலையசைத்தால் போதும், அது பக்கத்தில் இருப்பவருக்குப் போய்விடும். கைதேர்ந்தவரும் கற்றுக்குட்டியும் ஒரே வட்டத்தில் உட்கார முடிவது இந்த ஒழுங்கினால்தான். இந்த இசையின் மிகச் சிறந்த குணம் இதுவே.

பாதையின் மேற்குப் பகுதியில் கிளின்ட்வுட் ஊரில் புளூகிராஸ் பாடகர் ரால்ஃப் ஸ்டான்லியின் அருங்காட்சியகம் இருக்கிறது. அவருடைய உச்சக்குரல் தேவாலயப் பாட்டில் பழகியது. புளூகிராஸ் பாட்டின் துயரத்துக்கு அது ஓர் அளவுகோல்.

கேலக்ஸ் நகரில் 1935-இல் தொடங்கிய வயலின் கலைஞர்களின் திருவிழா ஆகஸ்டில் நடக்கிறது. மேடையில் போட்டி நடக்கும். கூடாரங்களுக்கும் வண்டிகளுக்கும் நடுவே இரவெல்லாம் வட்டங்கள் வாசிக்கும். ஒரே நாள்தான் தங்க முடியும் என்றால், மேடையை விட்டுவிட்டுக் கூடாரங்களின் பக்கம் போவதே மேல்.