விலையில்லா, ஆனால் கட்டுள்ள

2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது 'இலவச' என்று சொல்லாமல் 'விலையில்லா' என்று பெயர் வைத்தது. கௌரவம் பார்த்து வைத்த பெயர்தான். ஆனால் அதைவிடச் சரியான பெயர் கிடையாது. விலை இல்லை, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல் காசில்லாததையும் சுதந்திரத்தையும் குறிப்பதால், 1983-ல் க்னூ திட்டத்தை அறிவித்த ரிச்சர்ட் ஸ்டால்மன் போகிற இடமெல்லாம் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. நமக்கு அந்தச் சிக்கலே இல்லை. 'கட்டற்ற மென்பொருள்' என்று தனியாகவே சொல் வைத்திருக்கிறோம். வைத்துக்கொண்டும் "ஓசி சாஃப்ட்வேர்தானே" என்கிறோம்.

அந்த மடிக்கணினியில் விண்டோஸோடு சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் இருந்தது. புதுக்கோட்டையில் எனக்குத் தெரிந்த பிள்ளைகள் பலர் அதைத் திறந்ததே இல்லை. சிலர் படம் ஏற்ற இடம் வேண்டுமென்று அழித்துவிட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, அது எதற்கென்று யாரும் சொல்லித்தரவில்லை.

"ஆலங்குடிப் பையனுக்கு சோர்ஸ் கோடு எதுக்குப்பா?" என்று கூட வேலை பார்ப்பவர்களே கேட்கிறார்கள். ஆலங்குடி, வடகாடு பக்கம் போர்வெல் மோட்டார் காயில் கருகினால் விவசாயி தானே உட்கார்ந்து கட்டுவதில்லை. வைண்டிங் கடையில் போடுகிறார். அவர் இழுத்தடித்தால் அடுத்த கடை. 'மோட்டாரை வேறு யாரும் திறக்கக் கூடாது' என்று பில்லின் பின்பக்கம் அச்சடித்திருந்தால் அவர் வாங்குவாரா? கம்பெனி ஆள் வருவதற்குள் வாழை காய்ந்துவிடும். விண்டோஸ் உரிமத்தில் கிட்டத்தட்ட அதுதான் இருக்கிறது: பிரித்து ஆராயக் கூடாது. நாம் படிக்காமலே 'ஏற்கிறேன்' என்று அழுத்துகிறோம்.

கட்டற்றது என்றால் நிபந்தனையே இல்லை என்று அர்த்தமில்லை. லினக்ஸ் கெர்னலின் உரிமம், 1991-ல் வந்த ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு, ஒரு முடிச்சு போடுகிறது. மாற்றி அடுத்தவருக்குக் கொடுத்தால் மூலநிரலையும் அதே உரிமையோடு கொடுத்தாக வேண்டும். கட்டு கொடுப்பவருக்கு. வாங்கி வைத்துப் பயன்படுத்துபவருக்கு எந்தக் கட்டும் இல்லை.

2025-26 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி என்று அறிவித்தார்கள். ரேம் எவ்வளவு, பேட்டரி எத்தனை மணி நேரம் என்று பேசுகிறோம். பேசட்டும். உரிமத்தைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை. பத்து மூட்டை உரம் வாங்குகிறவரே பேரம் பேசித்தான் வாங்குகிறார். 20 லட்சம் கணினி வாங்குகிற அரசு, விற்பவர் நீட்டும் உரிமத்தை மாணவர்கள் தலையில் அப்படியே இறக்குகிறது.