வாசல் போர்டில் என்ன எழுதுவது?

எங்கள் தெருவில் இப்போது மூன்று வீட்டு கேட்டில் 'டு லெட்' போர்டு தொங்குகிறது. ஒன்றில் 'சைவம் மட்டும்'. இன்னொன்றில் 'ஃபேமிலி மட்டும், பேச்சிலர்களுக்கு இல்லை'. மூன்றாவதில் வெறும் போன் நம்பர்தான். ஆனால் அடித்தால் வரும் முதல் கேள்வி, "நீங்க என்ன ஆளுங்க?"

இந்தப் போர்டுகளை எழுதுபவர்கள் பெரும்பாலும் நம் வயதுக்காரர்கள். மாடி போர்ஷன் வாடகைதான் பலருக்கு மாதச் செலவு. குடி வருபவர் ஒழுங்காகத் தருவாரா, சமயத்தில் காலி செய்வாரா என்ற பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பயத்துக்கும் 'சைவம் மட்டும்' என்பதற்கும் என்ன சம்பந்தம்? பல இடங்களில் அது சாப்பாட்டைப் பற்றிய பேச்சே இல்லை. சாதியையும் மதத்தையும் நாசூக்காகக் கேட்கும் வழி. எழுதுபவருக்கும் தெரியும், படிப்பவருக்கும் தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது? அரசியல் சாசனத்தின் 15ஆவது பிரிவு, கடை, ஓட்டல், கிணறு, குளம் போன்றவற்றில் சாதி, மதம் சொல்லி யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. வாடகை வீடு அந்தப் பட்டியலில் இல்லை. அகமதாபாத் பார்சி வீட்டு வசதிச் சங்க வழக்கில், பார்சிகளை மட்டுமே உறுப்பினராகச் சேர்க்கும் விதி செல்லும் என்று 2005-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யச் சொல்கிறதே தவிர, இந்தப் பாகுபாட்டைத் தொடவில்லை. திருநங்கையருக்கு 2019-லும், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 2017-லும் வந்த சட்டங்கள் வீடு மறுப்பதைத் தடுக்கின்றன.

அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், 1968 ஏப்ரலில், இதற்கென்றே சட்டம் வந்தது. இனம், நிறம், மதம், பிறந்த நாடு பார்த்து வீடு மறுக்கக் கூடாது. அப்படி விளம்பரம் கொடுக்கவும் கூடாது. வெளியிடும் பத்திரிகையும் பொறுப்பு. சொந்தக்காரர் தாமும் குடியிருக்கும் நாலு குடித்தன வீடு வரை அந்தச் சட்டத்தில் சில விலக்குகள் உண்டு. ஆனால் விளம்பரத்துக்கு அந்த விலக்கு கிடையாது.

ஏன் விளம்பரத்துக்கு மட்டும் இவ்வளவு கண்டிப்பு? ஒருவரிடம் "வீடு இல்லை" என்றால் அது அவரோடு போயிற்று. போர்டில் எழுதினாலோ, அந்த வழியாகப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகூட, 'நம்ம மாதிரி ஆட்களுக்கு இங்கே இடமில்லை' என்று தினமும் படித்துக்கொண்டு போகும். நம் பிள்ளைகள் நியூஜெர்சியிலும் டெக்ஸாஸிலும் வீடு தேடியபோது அப்படி ஒரு போர்டைப் பார்க்காமல் இருந்ததற்கு அந்தச் சட்டமும் ஒரு காரணம். அங்கே அவர்களுக்குக் கிடைத்த மரியாதையை இங்கே இன்னொருவர் பிள்ளைக்குக் கொடுக்க நமக்கு என்ன தயக்கம்?

35 வருட உத்தியோகத்தில் ஒன்பது வாடகை வீடு மாறியவன் நான். என் யோசனை எளிது. போர்டில் வீட்டைப் பற்றி எழுதுங்கள், ஆளைப் பற்றி எழுத வேண்டாம். இரண்டு பெட்ரூம், முதல் மாடி, லிஃப்ட் இல்லை, போர் தண்ணீர், பைக் நிறுத்த இடம், வாடகை இவ்வளவு, அட்வான்ஸ் இவ்வளவு. இது போதும். இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது, வாடகை ஐந்தாம் தேதிக்குள் வர வேண்டும், எத்தனை பேர் தங்கலாம் என்பதையெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளலாம். அது எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "வயசானவங்க தனியா இருக்கீங்களா? ஏதாவது ஆச்சுன்னா யார் சார் பாக்குறது?" என்று கேட்டு வீடு மறுப்பவர்களும் இப்போது கிளம்பிவிட்டார்கள். 'சீனியர்களுக்கு இல்லை' என்று ஒரு போர்டு தொங்கினால் நமக்கு எப்படி இருக்கும்? அதே வலிதான் மற்றவர்களுக்கும்.