ஜெர்மன் மொழியும் நம் பெயரெச்சமும்

மேற்படிப்பையும் தொழிலையும் கருதி ஜெர்மன் மொழி பயிலும் இளைஞர் நம் இல்லங்களில் பலர். அம்மொழியின் நிகழ்கால எச்சம், பெயருக்கு அடைமொழியாய் வருமிடத்தில் அவர்கள் மலைத்து நிற்பதுண்டு. ஆங்கிலத்தின் வழியே அதனை அணுகுவதே மலைப்புக்குக் காரணம் எனக் கருதுகிறோம். தமிழின் வழியே சென்றால் பாதை எளிது.

'ஷ்பீலன்' என்பது விளையாடுதல். ஈற்றில் 'ட்' சேர்த்தால் 'ஷ்பீலண்ட்'. ஏறத்தாழ எல்லா வினைகளுக்கும் இதுவே விதி. பெயரின் முன் வருங்கால், பால், எண், வேற்றுமைக்கேற்ற ஈறும் சேரும். 'டாஸ் ஷ்பீலண்டெ கிண்ட்' என்றால் விளையாடுகின்ற அந்தக் குழந்தை. 'ஐன் ஷ்பீலண்டெஸ் கிண்ட்' என்றால் விளையாடுகின்ற ஒரு குழந்தை. நம் பெயரெச்சம் எப்பெயரின் முன்னும் உருமாறுவதில்லை; ஆதலின் இவ்வீறுகளை மட்டும் மனப்பாடம் செய்தே தீரவேண்டும்.

இனி, சொற்களின் வரிசையைக் காண்போம். 'டாஸ் இம் கார்ட்டன் ஷ்பீலண்டெ கிண்ட்' என்பது 'தோட்டத்தில் விளையாடுகின்ற குழந்தை'. முதலில் நிற்கும் 'டாஸ்' என்னும் சுட்டை நீக்கிப் பார்த்தால், எஞ்சுவது தமிழின் வரிசையே அன்றோ! ஆங்கிலமோ குழந்தையை முன்னிறுத்தி, விளையாட்டையும் தோட்டத்தையும் பின்னே வைக்கும். இத்தகைய நீண்ட தொடர்கள் பேச்சில் அருகியே வரும். செய்தித்தாள்களிலும் அலுவலக மடல்களிலும் மிகுதியாக வரும். அயல்நாட்டில் வேலை ஒப்பந்தத்தைப் படித்தறிய வேண்டியவர்க்கு இவை இன்றியமையாதவை.

எனினும் ஓரிடத்தில் விழிப்பு வேண்டும். பெயரெச்சம் கொள்ளும் பெயர்களைச் செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செயப்படுபொருள் என 6 வகையாக நன்னூலார் விரித்தார். ஜெர்மன் நிகழ்கால எச்சமோ செய்பவனையே கொள்ளும். 'குழந்தை படிக்கின்ற புத்தகம்' என நாம் கூறுவதுண்டு. அதனை நினைந்து 'லேஸண்டெஸ் பூஹ்' என எழுதினால், புத்தகமே எதையோ படிக்கிறது என்று பொருளாகிவிடும்! அவ்விடத்தில் 'டாஸ் பூஹ், டாஸ் டாஸ் கிண்ட் லீஸ்ட்' எனத் துணைவாக்கியம் அமைத்தலே முறை.

பெற்றோர்க்கு ஒரு சொல். பள்ளியிலும் தெருவிலும் பிறமொழி கேட்டு வளரும் பிள்ளைகட்கு, இன்னுமொரு மொழி வந்தவுடன் தமிழே சுமை எனச் சிலர் அதனை ஒதுக்கிவிடுகின்றனர். அவ்வாறு செய்தல் வேண்டா. வீட்டில் தமிழ் நன்கு பயின்ற பிள்ளைக்கு, ஜெர்மன் மொழியின் இக்கடினமான வாயில் பாதி திறந்தே இருக்கிறது.